பிரச்சனை எதுவும் இல்லை

பெனாசிர் அக்கா பதினோரு மணிக்கு வந்துடுவாங்க, இப்ப பத்து இருபத்தஞ்சு, ஃபாரத்துல நான் பேர் விவரத்தைத் தவிர இன்னும் ஒண்ணும் எழுதல. பேர் ரூபிகா, வயசு பதினேழு, விடுவிக்கப்பட்டவர் நாச்சிமுத்து, அவருக்கு என்ன உறவு, மகள். அது வரைக்கும் சுலபமா வந்துடுச்சு. அதுக்குக் கீழேதான் கேள்வி. கடந்த மூன்று மாதங்களில் விடுவிக்கப்பட்டவரால் குடும்பத்தில் ஏதேனும் பிரச்சனை ஏற்பட்டதா. பக்கத்துல ரெண்டு கட்டம், ஆம், இல்லை. ஆம்னு போட்டா விவரம் எழுதணும், அதுக்கு ஆறு கோடு விட்டிருக்காங்க. விடுவிக்கப்பட்டவர் எனக்கு எதிர்ல நாலடி தள்ளி, சுவத்துல முதுகை ஒட்ட வெச்சு உக்காந்து, பனியன் பீஸ்ல பிசிர் வெட்டிக்கிட்டிருக்கார். டிக். டிக். டிக். நூல் வெட்டற ட்ரிம்மர் அவர் கையில இருக்கறதே தெரியாது, அவ்வளவு சின்னது, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல மீன் வாய் மாதிரி திறந்து மூடுது. நான் ஒரு பீஸ் முடிக்கறதுக்குள்ள அவர் மூணு முடிச்சிடறார். தையல் ஓரத்துல தொங்கற நூலை மட்டும்தான் வெட்டறார், துணியில ஒரு தடவைகூட பட்டதில்ல. நான் பட்டிருக்கேன், நாலு பீஸ் டேமேஜ் பண்ணி கம்பெனிக்காரன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவர் பண்ணல. அவ்வளவு நிதானமான கை. அந்தக் கையைத்தான் நான் நாளெல்லாம் பாத்துக்கிட்டிருக்கேன், அவர் முகத்தைப் பாக்கறதில்ல. பேனா பிடிச்ச என் கைதான் வேர்க்குது. மேல ஆஸ்பெஸ்டாஸ், பங்குனி வெயில், ஃபேன் சூட்டைத்தான் சுத்தி விடுது. "என்னம்முணி, பரிச்சையா?"ன்னு கேட்டார். சிரிக்க வெக்கறதுக்குத்தான் கேட்டார்னு தெரியும். "ம்"னேன். பரிச்சைன்னா எனக்குப் பயமே இருந்ததில்ல, தெரியாததைத் தெரியாதுன்னு விட்டுட்டு முதல் ஆளா வெளிய வந்துடுவேன், அப்படித்தான் பதினொண்ணாவதுல நாலு பாடம் போச்சு, அப்புறம் நான் போகல. அவர் வந்ததாலதான் படிப்பை விட்டேன்னு லைன் வீட்டுல எல்லாரும் பேசிக்கறாங்க. பொய். எனக்குப் பிடிக்கல, விட்டேன். ஆனா இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிஞ்ச கேள்வியைத்தான் இப்ப விட்டுட்டு வெளிய போக முடியல.

அத்தை காலையில கம்பெனி வேன் ஏறறதுக்கு முந்தி, சீப்பை வாயில கடிச்சுக்கிட்டே, "எப்பவும் போல இல்லைன்னு போட்டுரு, ஏடாகூடமா எதையாச்சும் எழுதிப்போடாத, எங்கண்ணன் மறுபடி உள்ள போனா இந்தத் தடவை பொணமாத்தான் வருவான்"னு சொல்லிட்டுப் போச்சு. அத்தையைத் தப்பு சொல்ல மாட்டேன். அப்பா உள்ள போனப்ப எனக்கு ஆறு வயசு, அம்மா செத்துப்போனப்ப பத்து வயசு, ரெண்டு தடவையும் என்னை இடுப்புல தூக்கினது அத்தைதான். ஆனா அத்தை காலையில ஏழரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வரும். பதிமூணு மணி நேரம். அந்தப் பதிமூணு மணி நேரமும் இந்த ஒத்தை ரூம்ல நானும் அவரும் பனியனும். அதை அத்தைகிட்ட சொல்ல முடியாது, உங்கப்பன்கூட இருக்கறதுக்கு என்னடின்னு கேக்கும். இப்படி வெளிய சொல்ல முடியாமத்தான் எல்லா வீட்டுலயும் ஆயிருக்கு. பெனாசிர் அக்கா வெள்ளிக்கிழமை சொன்னாங்க. அவங்க கண்காணிக்கற லிஸ்ட்ல இருபத்தி நாலு வீடு. நல்ல நடத்தைன்னு ஜெயில்ல இருந்து முன்கூட்டியே விட்ட ஆளுங்க இருக்கற வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் மாசத்துக்கு நாலு தரம் போறாங்க, அதுல ஒரு தரம் சொல்லாம கொள்ளாம. மூணு மாசத்துக்கு ஒருக்கா இந்த ஃபாரம். இதுவரைக்கும் மூணு தடவை குடுத்தாச்சு, இருபத்தி நாலு வீடு, எழுபத்திரண்டு ஃபாரம், எழுபத்திரண்டுலயும் இல்லை. ஒரு பொண்டாட்டி கையில கட்டுப் போட்டுக்கிட்டு இடது கையால இல்லைன்னு போட்டிருக்கா. ஆம்னு போட்டா போலீஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடும்னு எல்லாருக்கும் பயம். நானும் மூணு தடவை இல்லைன்னுதான் போட்டேன், கண்ணை மூடிக்கிட்டு. அந்த எழுபத்திரண்டையும் மேல ஆபீஸ்ல அடுக்கி வெச்சுப் பாத்திருக்காங்க. பாத்துட்டு, பிரச்சனையே இல்லாத வீட்டுக்கு எதுக்கு இத்தனை ஆளு, எதுக்கு இத்தனை பெட்ரோல், எதுக்கு அரசாங்கப் பணம்னு கேட்டிருக்காங்க. அடுத்த மாசத்துல இருந்து நிதி இல்ல. மாசம் ஒருக்கா அவரே ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாப் போதும், பெனாசிர் அக்கா வரவேண்டாம். மாத்திரை சாப்பிடறதாலதான் காய்ச்சல் வரல, காய்ச்சல்தான் வரலையேன்னு மாத்திரையைப் பிடுங்கறாங்க. இந்த நாலாவது ஃபாரத்தைப் பாத்துட்டுக் கடைசியா முடிவு பண்ணுவாங்களாம்.

"அப்ப ஆம்னு போட்டா உங்களைத் தொடர்ந்து வர விடுவாங்களா?"ன்னு நேராவே கேட்டேன். "தெரியாது"ன்னாங்க. "அப்பாவைத் திரும்ப உள்ள போட்டுருவாங்களா?" அதுக்கு ஹெல்மெட் வாரை நோண்டிக்கிட்டே, "போட மாட்டாங்கன்னுதான் நெனைக்கறேன் ரூபி. ஆனா உன் தலைமேல சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது"ன்னாங்க. அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. "திட்டம் நின்னா எனக்கும் வேலை போகும். நான் கான்ட்ராக்ட். அதையும் மனசுல வெச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளு." அப்படிச் சொன்னதாலதான் எனக்கு அவங்களைப் பிடிக்கும். ஆரம்பத்துல பிடிக்கவே பிடிக்காது. ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே காம்பவுண்டுல ஒன்பது கதவும் திறக்கும், எதிர்வீட்டு மலர்க்கொடி அக்கா பாதி தேய்ச்ச பாத்திரத்தோட வந்து நிக்கும், "உங்க ஆபீசர் வந்தாச்சு பாரு"ன்னு சத்தமா சொல்லும். உங்க ஆபீசராம். வந்ததும் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, நேத்து என்ன சாப்பிட்டீங்க, யார்கூடப் பேசினீங்க, கோவம் வந்துச்சா, எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, வந்து எங்க போச்சுன்னு கேள்வியாக் கேப்பாங்க. கோவம் எங்க போகும்? எனக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்க மாட்டார். கையைக் கட்டிக்கிட்டு, யோசிச்சு யோசிச்சு, "காலுக்குப் போச்சுங் மேடம், தெருமுனை வரைக்கும் நடந்தனுங்"ம்பார். அவங்க அதை எழுதிக்குவாங்க. அந்த மாதிரி அவர்கிட்ட யாரும் கேட்டதில்ல. நான் கேக்கல, அத்தை கேக்கல. அம்மா கேட்டிருக்குமோ என்னமோ.

அவர் குடிச்சிருந்தார்னு லைன் வீட்டுல நெனைச்சுக்கிட்டிருக்காங்க. குடியில கொலை பண்ணிட்டான், இப்ப குடிக்கறதில்ல, அதனால நல்லவனாயிட்டான்னு அவங்க கணக்கு முடிஞ்சுபோகுது. அவர் குடிக்கல. வாழ்க்கையில குடிச்சதே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு, ஆறு வயசுல என்ன ஞாபகம் இருக்கும்பாங்க, இருக்கு. நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா விடுவாங்க, அன்னைக்கு விட்டிருந்தாங்க. சித்தப்பா வந்து எங்க குடத்தை நகத்திட்டு அவர் குடத்தை வெச்சார். அவ்வளவுதான். நான் வாசப்படியில தட்டை மடியில வெச்சு உப்புமா தின்னுக்கிட்டிருந்தேன். அப்பா விறகுக்கட்டையை எடுத்தார். கத்தல, திட்டல, முகம்கூட மாறல, ஏதோ விட்டத்துல இருக்கற சாமானை எட்டி எடுக்கற மாதிரி கையைத் தூக்கினார். சித்தப்பாவோட பச்சைக் குடம் உருண்டு என் கால்கிட்ட வந்து நின்னுச்சு, உள்ள இருந்த தண்ணி முழுக்க என் தட்டுல. நான் உப்புமா போச்சேன்னு அழுதேன். அதுக்குத்தான் அழுதேன், எல்லாரும் சித்தப்பாவுக்குன்னு நெனைச்சுட்டாங்க. குடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். குடியைத் தடுத்தாப் போதும். நாத்தம் வரும், நடை தள்ளாடும், முன்கூட்டியே தெரியும். இதுக்கு நாத்தம் கிடையாது. இப்ப பாருங்க, பீஸை உதறி மடிக்கறார், ஓரத்தோட ஓரம் சேத்து, மேல உள்ளங்கையை வெச்சு அழுத்தறார், என்ன பதமா. வந்த முதல் வாரம் சந்தையில எனக்கு வளையல் வாங்கிட்டு வந்தார், செவப்புக் கண்ணாடி வளையல் ஒரு டஜன். ஒண்ணுகூட விரல் முட்டியைத் தாண்டல. அவர் வாங்கினது ஆறு வயசுக் கைக்கு. "போடு சாமி, எண்ணெய் தடவினா ஏறும்"னார். ஏறாதுன்னு பட்டுனு சொல்லிட்டேன். வாயை அடக்கத் தெரியாது எனக்கு. அப்புறம் அவர் அதைத் திரும்பக் கேக்கல, நானும் தூக்கிப்போடல. அப்பான்னு கூப்பிட வாய் வரல. இந்தாங்க, பாருங்க, சாப்பிடுங்க, இதுதான் பதினோரு மாசமா.

செவ்வாய்க்கிழமையும் என் வாய்தான். அதையும் எழுதணுமா? ஆறு கோட்டுல என்னென்ன எழுதறது? குழைஞ்ச சோத்தைத் தட்டுல போட்டு நான் வெச்சப்ப, "கொஞ்சம் முந்தியே இறக்கியிருக்கலாம்"னு அவர் சாதாரணமாத்தான் சொன்னார். எனக்கு அன்னைக்கு நூறு பீஸ் பாக்கி, முதுகு வலி, வயித்து வலி வேற. "உள்ள இருந்தாப்ல மணியடிச்சு வரிசையில நிக்க வெச்சு போடறதுக்கு இங்க ஆள் இல்ல"ன்னுட்டேன். அவர் எந்திரிச்சார். கை மேல போச்சு. அதே கை, அதே மாதிரி, விட்டத்துல இருக்கற சாமானை எடுக்கற மாதிரி. என் முகத்துக்கு நேரா. நின்னுச்சு. எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, குக்கர் ஒரு விசில் விட்டுச்சு, அது எங்க வீட்டு குக்கர் இல்ல, மலர்க்கொடி அக்கா வீட்டுது. அப்புறம் கை இறங்கிச்சு. செருப்புகூடப் போடாம வெளிய போனார். துவைக்கற கல்லுகிட்ட குத்தவெச்சு உக்காந்து பட்டன் போனை அமுக்கினார். பெனாசிர் அக்கா சொல்லிக் குடுத்தது அது, கை துறுதுறுன்னா வெளிய போ, ஒரு மிஸ்டு கால் குடு, நான் கூப்பிடறேன். நாலு நிமிஷத்துல போன் அடிச்சுச்சு. ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு. "ஆமாங் மேடம். பாப்பாகிட்டத்தானுங். இல்லீங், படலீங். ஆனா மேல போயிருச்சுங் மேடம்." வெயில்ல வெறுங்காலோட முக்கால் மணி நேரம் பேசினார். அந்தப் பக்கம் அவங்க என்ன சொன்னாங்களோ, திரும்பி வந்து தட்டை எடுத்து, குழைஞ்ச சோறு முழுக்கத் தின்னுட்டு, கழுவிக் கவுத்துட்டு, பிசிர் வெட்ட உக்காந்துட்டார். அடிக்கல. அதுதான் விஷயம். அடிக்கலையே, அப்ப பிரச்சனை ஏற்பட்டதா, இல்லையா? தூக்கினாரு ஆனா இறக்கிட்டாருங்கறதுக்குக் கட்டம் எங்க இருக்கு? இது பெனாசிர் அக்கா டைரியில இருக்கு. ஆனா அது செல்லாதாம், அவங்க வேலையை அவங்களே மெச்சிக்கறாங்கன்னு சொல்லிடுவாங்களாம். வீட்டு ஆள் கையால எழுதணும். அடுத்த மாசம் கை மேல போனா அவர் யாருக்கு மிஸ்டு கால் குடுப்பார்? நாலு நிமிஷத்துல யார் கூப்பிடுவா? கைக்கு அந்த நாலு நிமிஷம் காத்திருக்கத் தெரியுமா? வேண்டாம், ஆம்னு போட்டு அவர் உள்ள போயிட்டா? காலையில எந்திரிச்சதும் முதல்ல என் டம்ளர்ல டீ ஊத்தற ஆளு. நானே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடும். அத்தை என் மூஞ்சியில முழிக்காது. நிம்மதியா இருக்குமா? இருக்கும். பொய் சொல்ல மாட்டேன், ஒரு ஓரத்துல அதுவும் இருக்கு, ரூம் காலியா, கதவு திறந்து, நான் ஒருத்தி மட்டும் காலை நீட்டி உக்காந்து. அந்த நினைப்பு வந்த உடனே அவர் நிமிந்து பாத்தார், நான் சட்டுனு ஃபாரத்தைக் கவுத்துட்டேன், ஆனா அவர் பாத்தது எனக்குப் பின்னாடி இருந்த பண்டலை. "அந்த எக்செல் சைசு எடுத்துப் போடு சாமி"ன்னார். எடுத்துப் போட்டேன்.

இந்த ஃபாரத்தை யார் அடிச்சானோ அவனை ஒரு நாள் இங்க உக்கார வெக்கணும். ஏன்னா கீழே இன்னொரு கோடு இருக்கு. மேற்கண்ட விவரத்தைப் படித்துப் பார்த்தேன், விடுவிக்கப்பட்டவர் கையொப்பம். நான் அவரைப் பத்தி எழுதறதை அவர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். திருடனைப் பாத்தேன்னு எழுதி திருடன்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வான்னா எவன் எழுதுவான்? எழுபத்திரண்டு இல்லை எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுதா? அதுவும் எங்க வீட்டுல படிக்கற ஆளு. உள்ள போறப்ப அவருக்கு ஒரு எழுத்து தெரியாது, பத்து வருஷத்துல படிக்கக் கத்துக்கிட்டார், மத்தவங்க மாதிரி மனசுக்குள்ள படிக்க மட்டும் வராது, எதுவானாலும் வாய்விட்டு, எழுத்தெழுத்தாக் கூட்டித்தான் படிப்பார். பஸ் போர்டு, சோப்பு அட்டை, கல்யாண போஸ்டர். என் எழுத்தையும் அப்படித்தான் படிப்பார், என் முன்னாடியே, பெனாசிர் அக்கா முன்னாடி. மணி பத்து ஐம்பது. டிக். டிக். இல்லைன்னு போட்டா ஒரு நொடி வேலை. அவரும் எழுத்துக் கூட்ட வேண்டியதில்ல. அத்தை ராத்திரி வந்து என் தலையைத் தடவும். அடுத்த மாசம் ஸ்கூட்டி வராது. மலர்க்கொடி அக்காவுக்கு வாசல்ல நிக்க ஒரு காரணம் குறையும். ஏப்ரல், மே, அக்னி நட்சத்திரம், பதிமூணு மணி நேரம், பதிமூணு மணி நேரம், நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், சோறு குழையாம இருக்கணும், யாரும் குடத்தை நகத்தாம இருக்கணும். என்னால முடியாது. என் வாயை எனக்குத் தெரியும். ஆம்ல டிக் போட்டேன். போட்டதும் பேனா தானா ஓடிச்சு, பள்ளிக்கூடத்துல ஒரு பரிச்சைக்குக்கூட நான் இப்படி எழுதினதில்ல. பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. நானும் தப்பாகப் பேசினேன். வெளியே போய் மேடத்துக்கு மிஸ்டு கால் கொடுத்தார், மேடம் பேசியதால் சரியானது. ஒரு தடவைதான் நடந்தது. மேடம் வருவது நின்றுவிட்டால் எனக்கு வீட்டில் இருக்கப் பயமாக இருக்கும். அவரைத் திரும்ப ஜெயிலில் போட வேண்டாம். ஆறு கோடு பத்தல, கடைசி வரி ஓரத்துல ஏறிப் போச்சு.

ஸ்கூட்டி சத்தம் காம்பவுண்டுக்குள்ள வந்துடுச்சு. வெளிய மலர்க்கொடி அக்கா, "வாங்க வாங்க, நாச்சிமுத்து அண்ணன் வீட்டுலதான் இருக்காரு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்"ங்குது. எங்களுக்குச் சம்பளமில்லாத ஆபீசர் ஒண்ணு. "நீங்க பாத்திரத்தைப் பாருங்க, கரி போகல"ன்னு பெனாசிர் அக்கா சொல்றது கேட்டுச்சு. வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பேன். ஃபாரத்தை என்ன பண்றதுன்னு தெரியாம முழங்காலுக்கு அடியில செருகிட்டேன். அவர் ட்ரிம்மரைக் கீழ வெச்சார். மடியில இருந்த நூல் பிசிரைத் தட்டி விட்டார். கையை லுங்கியில துடைச்சிட்டு நீட்டினார். "குடு சாமி. கையெழுத்துப் போடோணுமல்ல." குடுத்தேன். பெனாசிர் அக்கா வாசப்படியில ஒரு கால் செருப்பைக் கழட்டிட்டு இன்னொரு காலோட நின்னுட்டாங்க. அவர் வெளிச்சத்துக்காகக் கதவுப் பக்கம் திரும்பி உக்காந்து ஆரம்பிச்சார். ப தி னோ ராம். தே தி. ஒவ்வொரு எழுத்தும் என் பல்லுல கல் கடிபடற மாதிரி. கை. ஓங்கி. ஓங்கினார். அங்க நிக்கல, அதே வேகத்துல போனார். நானும் தப்பாகப் பேசினேன்ங்கறதுக்கு மட்டும் தலையை இல்லைன்னு ஆட்டினார். மேடம் பேசியதால். சரி யா ன து. ஒரு. தடவை. தான். நின்னார். விரலை வெச்சு அந்த வரியைத் திரும்பப் படிச்சார். ஒரு தடவைதான் நடந்தது. கீழ இருக்கற மத்த வரிக்குப் போகவே இல்ல. என் கண்ணு தரையில கிடந்த ட்ரிம்மர் மேல போச்சு, அதைக் காலால அந்தப் பக்கம் தள்ளிடலாமான்னு கால் விரல் துடிச்சுது.

"இது தப்பு"ன்னார். குரல் ஏறல, முகம் மாறல. "எதுங்க?"ன்னு பெனாசிர் அக்கா வாசப்படியில இருந்தே மெதுவாக் கேட்டாங்க. அவர் அவங்களைப் பாக்கல, என்னையும் பாக்கல, விரலை அந்த வார்த்தை மேலயே வெச்சிருந்தார். "ஒரு தடவைன்னு எழுதியிருக்குது பாப்பா. ஒரு தடவை இல்லீங்." எனக்குக் கோவம்தான் வந்துச்சு, அந்த நேரத்துலயும். "ஒரு தடவைதான். எனக்குத் தெரியாதா? நான்தான இங்க இருக்கேன்"னேன். "உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு, சாமி"ன்னார். வாசப்படிப் பக்கம் திரும்பினார். அப்புறம், "மேடத்துக்கிட்டயும் சொல்லலீங்"ன்னார். "ரெண்டுன்னு திருத்திக் குடு. போடறேன்." ஃபாரத்தை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன். ஒருங்கற வார்த்தை மேல கோடு போட்டு அடிச்சு, ரெண்டுன்னு எழுதினேன். எப்ப? நான் குளிச்சுக்கிட்டிருந்தப்பவா, குனிஞ்சு பண்டல் கட்டிக்கிட்டிருந்தப்பவா, இவர் என் முதுகுக்குப் பின்னாடி நின்னப்பவா? எது கையில இருந்துச்சு? எதையும் பட்டுனு கேட்டுடற நான், ஃபாரத்தை மட்டும் அவர் பக்கம் திருப்பி வெச்சேன். பெனாசிர் அக்கா இன்னொரு செருப்பையும் கழட்டிட்டு உள்ள வந்து, நூல் பிசிர் மேலயே அவருக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்தாங்க. அவங்க கேப்பாங்க. எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, வந்து எங்க போச்சுன்னு. என்னால அதைக் கேக்க முடியாது, அத்தையால முடியாது, மாசம் ஒருக்கா கையெழுத்து வாங்கற ஆபீசால முடியாது. அதைக் கேக்கறதுக்குத்தான் இவங்க வரணும்.